கணவர் என்று எழுதியவன்

கொரட்டூர் ஸ்டேஷனைத் தாண்டியதுமே சண்டை ஆரம்பித்துவிட்டது. அப்படி ஒரு மழை!

“மெதுவாப் போங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” எழிலரசி சீறினாள்.

“யம்மா, ரோடே பள்ளமா கீது... ஆட்டோவைத் தூக்கிகினா போவ முடியும்?”

ஆட்டோவை ஓட்டிய மதுரைவீரன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அம்மாடி... எவ்வளவு பெரிய கண்கள்! நிறையக் கண்ணீர். கை ஐந்து மாத வயிற்றைப் பிடித்திருந்தது. ஆபீசுக்கு என்று ஏறியவளை நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

சூட்டு வலிதானே என்று இரண்டு நாளாகச் சீரகத் தண்ணீர் குடித்திருக்கிறாள், பைத்தியக்காரி! குடல்வால் வீங்கியிருந்தது.

“சின்னத் துளை போட்டுத்தான் எடுப்போம்,” என்றார் டாக்டர். “ஆனா கர்ப்பப்பை சுருங்கிக் குழந்தை தங்காமப் போகலாம். தள்ளிப்போட்டு வெடிச்சா ரெண்டு உயிருக்கும் ஆபத்து.”

“பண்ணிடுங்க டாக்டர்... என் பிள்ளை மட்டும் பத்திரம்.” கையெழுத்துப் போட்டாள்.

“கூட வந்தவரும் போடணும்,” என்றாள் நர்ஸ்.

யார் இருக்கிறார்கள்? கணவன் விபத்தில் போய் மூன்று மாதம். காதல் கல்யாணத்தோடு அப்பாவின் பேச்சும் நின்றுபோயிருந்தது. மதுரைவீரன் பேனாவை வாங்கினான். உறவு என்ற இடத்தில் ‘கணவர்’ என்று எழுதிவிட்டான்!

ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. மறுநாள் வலி எடுத்தது... குழந்தை தங்கவில்லை.

அவன் தினமும் இட்லி கட்டிக்கொண்டு வந்தான். நான்காம் நாள் நர்ஸ் வாய்தவறிச் சொன்னாள், குழந்தையை வாங்கிப் போனது “உங்க வீட்டுக்காரர்” என்று.

“யாரைக் கேட்டு எடுத்துட்டுப் போனீங்க?” அவன் வந்ததும் எழிலரசி கத்தினாள். “பாவம் பார்க்க என் பிள்ளைதான் கிடைச்சுதா?”

“நீ மயக்கத்துல இருந்தம்மா... இத்தினியூண்டு. துணில சுத்திக் கைல குட்த்துட்டாங்க. பாரிவாக்கம் சுடுகாட்டுல எங்கப்பா பக்கத்துல படுக்க வெச்சிட்டேன். ஒத்தையில கெடக்கக் கூடாதில்ல...”

சொல்லும்போதே உடைந்து அழுதான். தன் பிள்ளைக்கு அழ இந்த உலகத்தில் இன்னொருவர் இருக்கிறாரா! அவளுடைய கோபம் எங்கே போனதோ தெரியவில்லை.

“பாவம் பாத்து வர்லமா. உன்னப் பாக்காம இருக்க முடியல... அதான் வந்துகினு கீறேன்.”

எழிலரசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நானும் காலையிலேர்ந்து வாசலைத்தான் பார்த்துட்டிருக்கேன்... சொல்லத்தான் பயமா இருக்கு. எனக்குப் பிடிச்சவங்க யாருமே என்கிட்ட தங்குறதில்லைங்க.”

“நான் கீறேன்மா,” என்றான்.