வெள்ளணுக்கள் போன திசை

முந்தாநாள் காய வைத்த ஸ்லைடு, தீர்த்தகிரியின் விரலில் ஈரமாக ஒட்டியது. ஸ்பிரிட்டில் நனைத்து, சாயம் ஏற்றி, வெயிலில் உலர்த்திய ரத்தம். அவன் மனைவி பாவாயியுடையது. இத்தனை வருஷ ஆஸ்பத்திரி வேலையில், காய்ந்த ரத்தம் ஈரமாகி அவன் பார்த்ததில்லை. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் நீட்டினான்.

எருமப்பட்டிக் காய்ச்சல் முகாமிலிருந்து டாக்டர் வேலுசாமி அப்போதுதான் திரும்பியிருந்தார். ஊரில் நடந்தது அவருக்குத் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, வெள்ளணுக்களை வகை வகையாக எண்ணி முனகினார். கரு துண்டு துண்டாக உள்ளவை, முழு உருண்டையாக உள்ளவை, அவரை விதைபோல் வளைந்தவை, செம்பொடி தூவியவை.

"வெள்ளணு எல்லாம் ஒழுங்கா இருக்குது தீர்த்தகிரி. பாவாயி எந்திரிச்சு நடக்கறாளா?"

"நேத்தே பொதைச்சாச்சுங்க."

அவர் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்தார். கை கழுவப் போனார்.

டாக்டர் பேச்சை அவன் எப்போதும் நம்பியதில்லை. தானே குனிந்தான். ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏற, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ விடாமல் இருமிக்கொண்டிருக்க, வேப்பமர நிழல் ஜன்னலில் ஆடி ஆடி வெளிச்சத்தை மறைத்து மறைத்து விட, வட்டத்துக்குள் அந்த ஊதாக் கருக்கள் ஒவ்வொன்றாக ஓரத்தை நோக்கி ஊர்ந்தன.

ஸ்லைடைத் திருப்பி வைத்தான். நின்றன. திரும்பின. மறுபடி அதே பக்கம்.

மைக்ராஸ்கோப் குழாய்க்குள் இடம் வலமாகத் தெரியும். அப்படியானால் கிழக்கு. இடுகாடு இருக்கும் திசை.

தன் கண்ணையும் அவன் நம்பவில்லை. ஸ்லைடைக் கழுவி வைத்தான்.

பொழுது சாயுமுன் குழிக்குப் பால் ஊற்றப் போனார்கள். பாவாயியின் தம்பி அருணகிரி செம்பை நீட்டினான். கால்மாட்டில் ஊற்றிய பால் மண்மேட்டில் ஏறித் தலைமாட்டுக்கு ஓடியது. அங்கே ஒரு மிடறு உள்ளே போனது. இன்னொரு மிடறு.

"தோண்டிப் பாக்கலாமா மாப்ள?" சந்தையில் விலை கேட்பதுபோல்தான் தீர்த்தகிரி கேட்டான்.

"என்னுங்க மாமா, சும்மா இருங்க. மண்ணு இளகிக் கெடக்குது. நரி பறிச்சுப்போடும்."

அருணகிரி தலைமாட்டில் ஏறி மிதித்தான். மிதித்து இறுக்கினான். நின்றான்.

தீர்த்தகிரி அவன் பாதத்தையே பார்த்தான்.

அடியிலிருந்த மண்ணோடு பாதம் மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.