எருமை இருந்த தாள்

வியாழக்கிழமை மாலை நான்கு இருபதுக்கு நாற்பது புத்தகங்களும் தயாராகிவிட்டன.

மாரண்டஹள்ளி பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில், காவேரி அக்கா கடைசிப் புத்தகத்தின் நடுவில் இரண்டு பின் அடித்தார். மடித்தார். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார்.

"எண்ணிக்க, பூவிழி."

பூவிழி எண்ணவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'கொசுவுக்குக் குளிருது. சிரிப்புக் கவிதைகள். எழுதியது: மு. பூவிழி. படம்: செ. யுவராணி. இருவரும் ஆறாம் வகுப்பு.' அதற்குக் கீழே, 'கொய்யாமரப் பதிப்பகம்.'

யுவராணி வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கொய்யா மரம்தான் பதிப்பகம். அதன் அடியில் உட்கார்ந்துதான் ஒருத்தி எழுதினாள், ஒருத்தி வரைந்தாள். பின் அட்டையில் 'விலை பத்து ரூபாய். சிரிப்பு வராவிட்டால் ஐந்து ரூபாய்' என்று போட்டிருந்தது.

"ஏன் பாப்பா, பக்க நம்பரே போடலியே?" என்றார் காவேரி அக்கா.

பூவிழி புரட்டினாள். எங்கும் எண் இல்லை. இரண்டு பேருமே மறந்திருந்தார்கள்.

"பதினாறு பக்கம்தானக்கா. யாரு வழி தெரியாம நிக்கப்போறாங்க?"

அக்கா சிரித்தார். "உன் படக்காரி எங்க?"

"லீவு போட்டுட்டு அவங்கப்பாகூட மண்டிக்குப் போயிருக்கா. பதினெட்டு கிரேட் தக்காளி. அவங்கம்மாவுக்கு உடம்புக்கு முடியல. வித்துட்டு நேரா இங்க வர்றேன்னா. காணோம்."

பஸ்ஸில் பூவிழியின் பக்கத்தில் கலைமதி உட்கார்ந்தாள். அதே வகுப்பு. அவளுக்கு மெதுவாகப் பேச வராது. பூவிழியின் மடியில் இருந்த புத்தகக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, தக்காளிக் கவிதையை எடுத்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி படித்தாள்.

கூடையை விட்டுக் குதித்தது,
குடுகுடுவென்று உருண்டது.
லாரி வந்தது, "வழி விடு!"
"மாட்டேன்!" என்றது தக்காளி.
சர்ர்ர்ர்!
சட்னி ரெடி! இட்லி எங்கே?

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பூவிழி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெருமையாக இருந்தது.

அது தக்காளி நல்ல விலைக்குப் போன ஆவணி மாதத்தில் எழுதியது. அன்றைக்கு அதிகம் சிரித்தவள் யுவராணிதான். சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தில் படமும் வரைந்தாள். படத்தில் தக்காளிக்கு மீசை இருந்தது.

ஊருக்குச் சற்று முன்னால் பஸ் வேகம் குறைந்தது.

ரோட்டோரம் சிவப்பாக இருந்தது. தக்காளி. குவியலாகக் கிடந்தது. பாதி ரோட்டிலும் உருண்டிருந்தது. ஒரு மினி வேன் நின்றது. அதன்மேல் நின்ற ஒருவர் இன்னொரு கிரேட்டைத் தூக்கிக் கவிழ்த்தார்.

"ஏனுங்க இப்படிக் கொட்டுறாரு?" என்று ஒரு பெண் கேட்டார்.

"மண்டியில வாங்க ஆளில்லீங்க. வண்டி வாடகைக்கே கட்டலியாம். காலைல இருந்து மூணாவது வண்டி இது," என்றார் கண்டக்டர்.

பஸ்ஸின் சக்கரத்துக்கு அடியில் சளக், சளக் என்று சத்தம் கேட்டது. கலைமதி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"சர்ர்ர்ர்! சட்னி ரெடி! இட்லி எங்கே?"

பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

வேன்மேல் நின்றவர் நிமிர்ந்து பார்த்தார். சென்னப்பன் மாமா. யுவராணியின் அப்பா. கீழே காலி கிரேட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த யுவராணியும் நிமிர்ந்தாள். அவள் பூவிழியைப் பார்த்தாள். பிறகு குனிந்து அடுத்த கிரேட்டை எடுத்தாள்.

பஸ் நகர்ந்தது.

"குடு அத," என்று பூவிழி கலைமதியின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக் கட்டுக்குள் செருகினாள்.

"ஏன்டி? நல்லாத்தான படிச்சேன்?"

பூவிழி கட்டின் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

மறுநாள் குழந்தைகள் தினம். மூன்று மணிக்குப் பள்ளியில் விழா. புத்தகம் அங்கேதான் வெளியாகும். சென்னப்பன் மாமா வருவதாகப் போன வாரமே சொல்லியிருந்தார். மகள் வரைந்த படங்களைப் பார்க்க அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார். மீசை வைத்த தக்காளியைப் பார்ப்பார். அதே தாளில் இருக்கும் கவிதையைப் படிப்பார்.

வீட்டுக்கு வந்ததும் பூவிழி ஒரு புத்தகத்தைத் தரையில் விரித்தாள்.

நான்கு தாள்கள். ஒவ்வொன்றும் நடுவில் மடிந்து நான்கு பக்கம் ஆகியிருந்தது. தக்காளி இருந்த தாளைத் தேடிப் பிடித்தாள். மூன்றாவது தாள். அதன் ஒரு பாதியில், முன்னும் பின்னுமாகத் தக்காளிக் கவிதையும் படமும். மறுபாதி எங்கே போகிறது என்று பார்த்தாள்.

மறுபாதியில் எருமை இருந்தது.

அவள் எழுதியதிலேயே நல்ல கவிதை எருமைதான். அவளுக்கே அது தெரியும். லூர்துமேரி டீச்சரும் சொல்லியிருந்தார்: "கடைசியா எருமைய படி. எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போகட்டும்."

தக்காளி போனால் எருமையும் போகும். இரண்டும் ஒரே தாள்.

பூவிழி கத்தரிக்கோல் எடுத்தாள். மடிப்பிலிருந்து ஒரு விரல் அகலம் விட்டு, தக்காளிப் பாதியை மட்டும் வெட்டினாள். எருமை பத்திரமாக நின்றது. ஆனால் வெட்டிய ஓரம் நடுவில் துருத்திக்கொண்டு நின்றது. திறந்ததும் கண்ணில் பட்டது.

யாராவது கேட்பார்கள், இங்கே என்ன இருந்தது என்று. யாராவது சொல்வார்கள். சத்தமாகச் சொல்வார்கள்.

வெளியே கோழிகள் கூண்டுக்குள் போய்க்கொண்டிருந்தன.

பிறகு காம்பஸ் முனையால் பின்னை நெம்பினாள். முதல் பின் வந்தது. இரண்டாவது பின் விரலைக் குத்தியது. தாளை உருவினாள். மீதி மூன்று தாள்களைச் சேர்த்து, பழைய ஓட்டையிலேயே பின்னைச் செருகி, ஸ்பூனின் முதுகால் மடக்கினாள். புத்தகம் முன்பு போலவே இருந்தது. பக்க எண் இல்லாததால் எதுவும் குறைந்த மாதிரி தெரியவில்லை.

ஒன்று முடிந்தது. முப்பத்தொன்பது இருந்தன.

அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்தார்.

"என்னாடி இது? இப்பத்தான கட்டிக்கிட்டு வந்த, அதுக்குள்ள பிரிக்கிற?"

"ஒரு தாள் வேணாம்மா."

"தப்பா அடிச்சிட்டாங்களா?"

"இல்ல. சரியாத்தான் அடிச்சாங்க."

அம்மா அவளை ஒரு முறை பார்த்தார். சென்னப்பன் தக்காளியைக் கொட்டிய சேதி அதற்குள் ஊருக்கு வந்திருந்தது. உருவிய தாளை எடுத்துப் படித்தார். கீழே வைத்தார். சமையலறைக்குப் போய் இன்னொரு ஸ்பூன் எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"நீ நெம்பு. நான் மடக்குறேன்."

சோறு வேகும் நேரத்துக்குள் நாற்பதும் முடிந்தன. நாற்பது தக்காளியும் நாற்பது எருமையும் செய்தித்தாளில் சுற்றப்பட்டு டிரங்குப் பெட்டிக்குள் போயின.

காலையில் பள்ளி வாசலில் பூவிழி கலைமதியைப் பிடித்தாள்.

"அந்தத் தக்காளி வரிய இனிமே சொல்லாத."

"ஏன்?"

"நேத்து வேன் மேல நின்னது யுவராணி அப்பா."

கலைமதி வாயைத் திறந்தாள். மூடினாள். "நான் பாக்கலடி," என்றாள். முதல் முறையாக மெதுவாகச் சொன்னாள். பிறகு வகுப்பில் ஒவ்வொரு பெஞ்சாகப் போய்க் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். அன்று முழுக்க யாரும் இட்லியைப் பற்றிப் பேசவில்லை.

பள்ளி நாடகத்தில் யுவராணிக்கு மரம் வேடம். ஆனால் காலையில் அவள் வரவில்லை. மரம் இல்லாமலேயே ஒத்திகை நடந்தது.

மூன்று மணிக்கு அப்பாவுடன் வந்தாள். சென்னப்பன் மாமா துவைத்த சட்டை போட்டிருந்தார். கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார். பூவிழி ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

"புள்ள பேரு எங்க கண்ணு?" என்றார்.

பூவிழி காட்டினாள். அவர் 'செ. யுவராணி' என்ற எழுத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். விரல் நுனியில் தக்காளிக் கறை இன்னும் போகவில்லை.

யுவராணி தன் புத்தகத்தை வாங்கி வேகமாகப் புரட்டினாள். பாதிக்கு முன்னால் ஓர் இடத்தில் கை நின்றது. முன்னே போனாள், பின்னே வந்தாள். தக்காளி இல்லை. மூச்சு விட்டாள். மறுபடி புரட்டினாள். பாதிக்குப் பின்னால் ஓர் இடத்தில் கை மீண்டும் நின்றது.

"எருமையும் போச்சா?" என்று பூவிழியின் காதருகே கேட்டாள்.

"ஒரே தாள்டி."

"எல்லாத்துலயுமா?"

"நாப்பதுலயும்."

யுவராணி அவள் கையைப் பார்த்தாள். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

விழா தொடங்கியது. கலெக்டராக வேடம் போட்ட ஒன்றாம் வகுப்புக் குழந்தை மேடையிலேயே தூங்கிப்போனது. அதைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, லூர்துமேரி டீச்சர் பூவிழியை அழைத்தார்.

"எருமை," என்றார் மெதுவாக.

"அது புத்தகத்துல இல்லீங்க டீச்சர்."

"ஏன்?"

"எடுத்துட்டேங்க."

"புத்தகத்துல இல்லாட்டி என்ன? மனப்பாடமா சொல்லலாமே."

சொல்லலாம். ஆனால் சொன்னால் எல்லாரும் புத்தகத்தில் தேடுவார்கள். ஏன் இல்லை என்று கேட்பார்கள். பூவிழி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். டீச்சர் அதற்குமேல் கேட்கவில்லை.

பூவிழி கொசுக் கவிதையைப் படித்தாள். சிலர் சிரித்தார்கள். கை தட்டினார்கள். சென்னப்பன் மாமா சிரிக்கவில்லை. அவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தாரா, சும்மா திறந்து வைத்திருந்தாரா என்று தெரியவில்லை.

பூவிழி இறங்கப் போனாள். அப்போது யுவராணி மேடை ஏறினாள்.

யுவராணி மேடையில் பேசியதே இல்லை. அதனால்தான் அவளுக்கு மரம் வேடம் கொடுத்திருந்தார்கள். இப்போது மைக்குக்கு முன்னால் நின்று தன் செருப்பைப் பார்த்தாள். கூட்டம் காத்திருந்தது. ரொம்ப நேரம் காத்திருந்தது.

"எருமை," என்றாள். பிறகு சொன்னாள்.

எருமை ஒன்று பள்ளி வந்தது,
முதல் பெஞ்சில் படுத்துக் கொண்டது.
பேரு கேட்டால் "ங்ஙே" என்றது,
ஊரு கேட்டால் "ங்ஙே" என்றது.
"வீட்டுப் பாடம் எங்கே?" என்றால்
மெல்ல மெல்ல அசை போட்டது.

அவள் வீட்டில் எருமை உண்டு. அதனால் அந்தச் சத்தம் அவளுக்கு அப்படியே வந்தது. முதல் "ங்ஙே"வுக்கே முன் வரிசைக் குழந்தைகள் விழுந்து சிரித்தார்கள். இரண்டாவதற்கு டீச்சர்கள் சிரித்தார்கள். கடைசி வரிக்கு யுவராணி தாடையை இப்படியும் அப்படியும் அசைத்து மென்று காட்டினாள். கலைமதி பெஞ்சின்மேல் ஏறி நின்று கை தட்டினாள்.

பூவிழி கடைசி வரிசையைப் பார்த்தாள்.

சென்னப்பன் மாமா வாயைத் துண்டால் மூடியிருந்தார். தோள் குலுங்கியது. முதலில் அவளுக்குப் பயமாக இருந்தது. துண்டை எடுத்ததும் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"எங்க வூட்டு எருமைங்க அது," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "அப்படியே நம்ம கருப்பிதான்."

இரண்டு பேரும் மேடையிலிருந்து இறங்கி அவரிடம் போனார்கள். யுவராணி பூவிழியின் துணி சுற்றிய கையைப் பிடித்திருந்தாள்.

அவர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசி வரைக்கும் போனார். மறுபடியும் முதலிலிருந்து வந்தார்.

"பக்க நம்பரே போடலியே கண்ணு," என்றார். "நம்ம கருப்பி இதுல எங்க இருக்குது?"