மூன்றரை முழம்

இந்தக் காலத்துச் சனத்துக்குத் தன் வீட்டு வேலி எங்கே நிற்கிறது என்று சொல்லவும் ஒரு கருவி வேண்டியிருக்கிறது. விடிந்ததும் முகம் கழுவுவதில்லை, தேத்தண்ணி குடிப்பதில்லை. நேரே போய் வேலியில் மாட்டியிருக்கும் எல்லைமானியைப் பார்க்கிறார்கள். அது காட்டுகிற பக்கம் படலையைக் கழற்றிப் பூட்டுகிறார்கள். தம்பையர் வீட்டு வளவில் மட்டும் அது கிடையாது. அரசாங்கம் பூட்டிவிட்டுப் போனதைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்கு முண்டு கொடுத்திருந்தார்.

அன்று காலை வேலிக்கு அப்பால் மார்க்கண்டு வீட்டுச் சாமான்கள் பாரவண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. மார்க்கண்டு, தம்பையரின் தங்கை புருஷன். அவனுடைய வளவு தாழ்ந்துகொண்டிருந்ததால் வன்னிக்குப் போகச் சொல்லி உத்தரவு. இருவரும் முகம்பார்த்துக் கதைத்து இருபத்தெட்டு வருடம். கயிறு பிடித்து நேராகப் போட்ட வேலி நடுவில் முறிந்து, தெற்குப் பாதி தம்பையர் பக்கம் வந்திருந்தது. மார்க்கண்டுதான் அதை நகர்த்தினான் என்று நினைத்த தம்பையர், அவன் மகளின் கல்யாணப் பந்தலில் வைத்து, "வேலி அரக்கின கள்ளன்" என்று ஊர் கேட்கச் சொன்னார். அதோடு எல்லாம் முடிந்தது.

அளவையாளர் சுகிர்தா தொடுபலகையோடு வந்தாள்.

"ஐயா, இதை ஒருத்தரும் அரக்கேல்லை. நிலம்தான் நகர்ந்தது. நாப்பது வருசச் செய்மதிப் பதிவு இருக்கு."

"கல்லுக்குக் கால் இருக்கோ பிள்ளை?"

"கீழ சுண்ணக்கல்லில பெரிய வெடிப்பு ஒண்டு ஓடுது. ரெண்டு பக்கமும் உரசிக்கொண்டு வருசத்துக்கு ரெண்டு விரலளவு நகருது. வெடிப்பு வளையிற இடத்தில நிலம் இழுபட்டு வாய் திறக்கும். மழைத்தண்ணி இறங்கிக் கல்லைக் கரைக்கும். மார்க்கண்டரின்ர வளவு அப்பிடித்தான் தாழி மாதிரிக் குழியாகுது."

"அப்ப வேலிக்கரையில நிக்கிற என்ர பனையள்?"

"அதுகளும் வேலியோட மூண்டரை முழம் வந்திருக்கு." அவள் பலகையை நீட்டினாள். "காரணம் நிலநகர்வு எண்டு கைவிரல் வையுங்கோ. வைக்காட்டி, உங்கட பழைய முறைப்பாட்டை வைச்சுப் புது ஊரிலயும் அவரை வேலிக் கள்ளன் எண்டுதான் பதிவினம்."

தம்பையர் வேலியைப் பார்த்தார். நாற்பது வருடத்துக்கு முன் அதைப் போட்ட நாளில் கயிற்றின் மறுநுனியில் மார்க்கண்டு ஒற்றைக்கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கிழக்க, மச்சான்!" என்று கத்தினான். தங்கை ஒடியற்கூழ் கொண்டுவந்தாள். சுடுகிற பாறையில் குந்தியிருந்து, பனையோலைப் பிளாவில் இருவரும் மாறி மாறிக் குடித்தார்கள். குழி தோண்ட அலவாங்கு போட்டால் கை அதிர்ந்து திரும்பிய பாறை அது. அதுவா நகர்ந்தது?

"வை மச்சான்," என்றான் மார்க்கண்டு வண்டியடியிலிருந்து. "நான் கள்ளனில்லை எண்டு அந்தப் பலகையெண்டாலும் சொல்லட்டும்."

கள்ளன் என்றால் இருபத்தெட்டு வருடக் கோபத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. கல் என்றால் அவர் யாரோடு கோபித்திருந்தார்?

"கல்லு நடந்ததெண்டு நான் கைவைக்கமாட்டன்," என்றார். மார்க்கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "மார்க்கண்டு தொடேல்லை எண்டு எழுது. அதுக்கு வைக்கிறன்."

"காரணம் போடோணும் ஐயா."

"அவன் என்ர மச்சான். அதைப் போடு."

சுகிர்தா இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு எழுதினாள். அவர் விரலை வைத்தார்.

"அப்ப வேலியை அரக்கினது ஆரடா?" மார்க்கண்டுவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"ஆருக்குத் தெரியும்? உந்தப் பலகையைக் கேள்."

வண்டி உறுமியது. தங்கை "அண்ணை!" என்று கூப்பிட்டாள். அவர் கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

"நடக்குமாம், கல்லு," என்று முணுமுணுத்தார். "அது கிடந்த இடத்திலதான் கிடக்கு. போறது மார்க்கண்டு."