அஞ்சம்மாள் தேய்த்த நாற்காலிகள்

டீ கிளாஸ் சுடவில்லை. ஆவி பறந்துகொண்டிருந்தது, பக்கத்தில் ரோசம்மாள் முந்தானையைச் சுற்றித்தான் தன் கிளாஸைப் பிடித்திருந்தாள். அஞ்சம்மாளின் விரல்களுக்கு மட்டும் ஒன்றுமே தெரியவில்லை.

எழுபத்தாறு மார்கழி. கும்மிடிப்பூண்டி ரயிலடிக்குப் பின்னால் இருந்த அந்த ஷெட்டில், மெட்ராஸ் ஓட்டல் ஒன்றுக்காக ஆறு அக்ரிலிக் நாற்காலிகள் தயாராகிக்கொண்டிருந்தன. கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரியும், ஆனால் உடையாது. ஒட்டுகிற பசையின் தித்திப்பு வாடை நெஞ்சில் ஏறி உட்கார, பாலிஷ் மெஷின் ஓயாமல் இரைய, அவள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்ப்பாள். தேய்த்த இடம் முதலில் மங்கும், அப்புறம் மெல்ல மெல்லத் தெளியும். ஆறையும் அவள்தான் தேய்த்தாள்.

"இன்னாடி, சூடு தெரியலியா ஒனக்கு?" என்றாள் ரோசம்மாள்.

"தெரியுதுக்கா. சும்மா புடிச்சிக்கினு கீறேன்."

பச்சைப் பொய். வேறென்ன சொல்வாள்? விரல் மரத்துப்போனது என்றால் ஊர் அதற்கு ஒரே பெயர்தான் வைக்கும்: பெருவியாதி. தை பதினாறு அவளுக்குக் கல்யாணம், ஊத்துக்கோட்டை மாப்பிள்ளை. சேதி போனால் மறுநாளே பாக்கு வெற்றிலை திரும்பி வரும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் தன் வாயை மூடிக்கொண்டாள்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும், ரவிக்கை ஊக்கைக் கழற்றி ஆள்காட்டி விரலில் குத்தினாள். ரத்தம் வந்தது. வலி வரவில்லை. அடுத்த விரல். அதிலும் இல்லை. அழுகைகூட வரவில்லை. ஊக்கு கைதவறி நாற்காலியின் கைப்பிடியைக் கீறிக்கொண்டு விழுந்தது.

சுரீர் என்றது.

"அம்மா!" என்று கையை உதறினாள். கையில் கீறல் இல்லை. நாற்காலியில் இருந்தது.

கைப்பிடியை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். யாரோ அவள் கையைத் தடவினார்கள். தடவிய விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மேஸ்திரி குப்புராஜ் உள்ளே வந்தார். "இன்னா பாத்துக்கினு கீற? லாரி வந்துருச்சி. தொடைச்சி உடு."

"அண்ணே, இந்த சேருங்க..."

"இன்னா?"

சொல்லலாம். சொன்னால் கையைக் காட்டச் சொல்வார்.

"ஒண்ணுமில்லண்ணே."

லாரியில் ஏற்றிய நாற்காலிகளைச் சுற்றிக் கயிற்றை இறுக்கினார்கள். அவள் இடுப்பு இறுகியது.

மரமரப்பு முழங்கைக்கு ஏறியது. தோளுக்கு. கழுத்துக்கு.

தை பதினாறு. மேளம் கொட்டியது. மாப்பிள்ளை சடையப்பன் தாலி கட்டினான். கழுத்துக்குக் கயிறு தெரியவில்லை.

மடி கனத்தது.

மெட்ராஸ் ஓட்டலில் யாரோ உட்கார்ந்தார். தடித்த ஆள். சாய்ந்தார்.

"இன்னா, கை ஐஸு மாரி கீது?" என்றான் சடையப்பன், காதோரம்.

"ஒண்ணுமில்ல."

இன்னொருவர். அதே மடியில். அப்புறம் மூன்றாவது ஆள். மூச்சு முட்டியது. கைமேல் ஒரு நெருப்பு. அழுத்தினார்கள். சிகரெட்டை அணைப்பதுபோலத் திருகினார்கள்.

அட்சதை விழுந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

"பொண்ணுக்கு வெக்கத்தப் பாரேன்" என்று பெண்டுகள் சிரித்தார்கள்.

நான்காவது ஆள் உட்கார்ந்தார்.