செத்தவர் கணக்கை யாரும் மூடவில்லை

மத்தியானச் சாப்பாடு முடிந்து, புது சர்வர் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு கூடத்து வாசலுக்கு வந்தேன். ஊரார் படமும் பணமும் 'கிளவுட்'டில் இருக்கிறது என்கிறார்களே, அது ஆகாயத்தில் இல்லை. ஜன்னலில்லாத இந்தக் கூடத்தில், இரும்பு அலமாரிகளில் இரைந்துகொண்டு கிடக்கிறது. சுமக்கிறவனுக்குத் தெரியும் அதன் கனம்.

அத்தனைக்கும் அட்மின் என் தங்கை மகன். கதவு, குளிர், தீயை அணைக்கும் வாயு எல்லாம் அவன் விரலில்.

அவனுக்கு முந்தைய அட்மின் இங்கேதான் செத்தார். வாயு திறந்துகொண்டது, கதவு பூட்டிக்கொண்டது. மூச்சு முட்டிக் கதவைக் குத்திக் குத்தி அவர் விரல் முட்டியில் எலும்பு தெரிந்ததாம். உடலை எடுத்தார்கள், கம்ப்யூட்டரில் இருந்த அவர் கணக்கை எடுக்கவில்லை. பாதி வேலை அந்தப் பேரில்தான் ஓடுகிறது, தொட்டால் நின்றுவிடும் என்று பயம். அந்தப் பேரில் யார் நுழைந்தாலும் இவன் போன்தான் அனுமதி கேட்கும்.

அன்று அது நடுங்கிக்கொண்டே இருந்தது.

"யாரு மாப்ள விடாம? பொண்ணா?"

"நீ வேற மாமா. செத்தவர் பேர்ல எவனோ உள்ள வரப் பாக்குறான். காலையிலேருந்து 'இல்லை'ய அழுத்தியே கை ஓஞ்சுபோச்சு."

"மேலதிகாரிட்ட சொல்லேன்."

"சொன்னேன். வேலையப் பாருன்னாங்க." மறுபடி நடுங்கியது. "சரி, வந்து தொலை!"

'ஆம்' அழுத்திவிட்டான்.

போன் அடங்கியது.

கூடத்தின் இரைச்சலும் அடங்கியது.

"நீ இங்கயே இரு மாமா" என்று வாசலில் கால் வைத்தான். இரும்புக் கதவு பக்கவாட்டில் பாய்ந்து அவனை நிலையோடு சேர்த்து அடித்தது. திறந்தது. அடித்தது. விலா முறிவது எனக்குக் கேட்டது. தள்ளுவண்டியில் கிடந்த கடப்பாரையைச் சொருகினேன், வளைந்துபோனது. சட்டையைப் பிடித்து இழுத்தேன், கிழிந்து கையோடு வந்தது.

"இழு மாமா..." வாயில் ரத்தம் நுரைத்தது.

திறந்தது.

அடித்தது.

உள்ளே இருட்டில் யாரோ மூச்சு வாங்கினார்கள், வேலை செய்கிறவனைப் போல.

கதவு ஓய்ந்தபோது அவன் என் மடியில் கிடந்தான். மூச்சு இல்லை.

அவர் கணக்கு, இவன் கணக்கு இரண்டையும் அழித்தாயிற்று என்று ஆபீசில் சொன்னார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, தங்கை மடியில் இருந்த அவன் போன் நடுங்கியது. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"என்னண்ணே கேக்குது?"

எழுத்துக் கூட்டிப் படித்தேன். உள்ளே வர அனுமதி. கேட்டிருந்த பேர் அவள் மகனுடையது.

என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"தொடாதம்மா." அவள் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"பெத்தவ வராதேன்னு சொல்லுவாளா?" உதறிக்கொண்டு பச்சையை அழுத்தினாள்.

எங்கள் வீட்டுக் கதவு மரக்கதவு, மோட்டார் கிடையாது. அது மெல்லச் சாத்திக்கொண்டது.

"வந்துட்டியாய்யா?" என் முதுகுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள்.

பின்னால், கூடத்து இருட்டில் கேட்ட அதே மூச்சு வாங்கும் சத்தம். அவள் சிரிப்பு நின்றது.