தலைவர் குடித்த டம்ளர்

"மக்கள் குடிப்பதைத்தான் தலைவனும் குடிப்பான்!" என்று முழங்கி, சுத்திகரித்த சாக்கடை நீரை ஊரறிய ஒரே மடக்கில் குடித்தார் நகராட்சித் தலைவர். வரலாறு தன்னை மறக்காது என்றும் சொன்னார். மூன்றாம் நாள் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தார்.

சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பூட்டு விழுந்தது. ஏரி வறண்ட ஊரில் குழாய்களும் நின்றன. நீரைச் சோதித்துக் கையெழுத்திட்ட பெண் வேதியியலாளர், துப்பறிவாளரைத் தேடி வந்தார்.

"சாயங்காலம் என்னைக் கைது பண்ணப் போறாங்க சார். அது கிடக்கட்டும். குழாய் நின்னதுல ஜனங்க குட்டைத் தண்ணியக் குடிக்குது. காலையில ஒரு குழந்தை போயிடுச்சு."

"விஷம்தான் சார், சந்தேகமே இல்ல!" என்றான் உதவியாளன். ஊருக்கு மழைப் பஞ்சம். அவனுக்குக் கொலைப் பஞ்சம்.

விழா நடந்த இடத்தில், டம்ளரை நிரப்பியதாகச் சொன்ன குழாயைத் திறந்து, தொட்டியில் மிஞ்சியிருந்த நீரில் கைவைத்த துப்பறிவாளர், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"எப்பவும் இப்படித்தான் சுடுமாம்மா?"

"மேல்தொட்டி இரும்பு சார். கோடை முழுக்க இப்படித்தான்."

தலைவர் வீட்டுக் கூடத்தில் விழாப் படம் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தது. கையில் உயர்த்திய டம்ளரின் வெளிப்புறமெங்கும் முத்து முத்தாக நீர்த்துளிகள். அன்று அதைத் தட்டில் ஏந்திவந்த மைத்துனர் பாய்ந்தார்: "எங்க அத்தானக் கொன்னவ இவதான்!"

"சுடுதண்ணி ஊத்தின டம்ளர் வெளிப்பக்கம் இப்படி வேர்க்காதே ஐயா," என்றார் துப்பறிவாளர். "இது ஃப்ரிட்ஜ் தண்ணி. யார் வீட்டு ஃப்ரிட்ஜ்?"

மைத்துனர் தலைவரின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"'சாக்கடையையா நான் குடிக்கணும்'னு கத்தினாரு. எங்க கிணத்துத் தண்ணியத்தான் பாட்டில்ல கொண்டுபோனேன். ஊரே வத்தினாலும் நம்ம கிணறு வத்தாதுன்னு அவருக்கு ஒரே பெருமை."

"வேற யாரு அதைக் குடிக்கிறது?"

"நான் காய்ச்சித்தான் குடிப்பேன். அக்காவுக்கும் அத்தானுக்கும் ஜில்லுன்னு அப்படியே வேணும். அக்கா நேத்துலேருந்து படுத்த படுக்கை. துக்கம்னு நினைச்சோம்..."

"முதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!"

வண்டி போனபின் கொல்லைக்கு நடந்தார்கள். கிணற்றுக்குப் பக்கத்திலேயே செப்டிக் டேங்க். அதன் சுவர் வெடித்து, இடைப்பட்ட மண் சொதசொதவென்று கிடந்தது.

"வத்தாத ரகசியம் இதுதான்," என்றார் துப்பறிவாளர். "தலைவர் சொன்னபடி சாக்கடையத்தான் குடிச்சிருக்காரு. சுத்திகரிக்காம."

"அப்ப கொலையே இல்லையா சார்?" என்றான் உதவியாளன், வாடிய முகத்தோடு.

மாலையில் கைதுக்குப் பதிலாகச் சாவி வந்தது. வேதியியலாளர் நிலையத்தைத் திறந்து, மூன்று டம்ளர்களை நிரப்பி, தன்னுடையதைக் குடித்துவிட்டு மற்ற இரண்டையும் நீட்டினார்.

துப்பறிவாளர் தாகமில்லை என்றார்.