நெற்றியில் பொட்டு, காலில் சேறு

சுஜிதாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"பொம்பளைகிட்ட வண்டியைக் குடுத்தா இப்படித்தான்! நாளையிலருந்து வேற டிரைவரை வச்சுக்கிறேன்!" என்று முதலாளி தவசி கத்திக்கொண்டிருந்தார்.

குரங்கணிக்கு மேலே, ஏலத்தோட்டத்துக்குப் பாதை வெட்டும் குட்டிப் பொக்லைன் வண்டி அணைந்து நின்றது. அதற்குச் சக்கரத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் அகலமான ரப்பர் செயின். இடது செயின் கழன்று சேற்றில் கிடந்தது. வண்டியை ஓட்டிய சுஜிதாவின் அம்மா ரேணுகா, தலை குனிந்து நின்றார்.

ஆயுதபூஜை லீவு என்று அம்மாவுடன் வந்திருந்தாள் சுஜிதா.

தினமும் வேலை முடிந்ததும் அம்மா செயினைக் கழுவுவார். உள்ளே சிக்கிய கல்லையெல்லாம் குத்தி எடுப்பார். பூஜைக்குப் பிறகு மூன்று நாளாகக் கழுவவில்லை. தடுத்தது யார்? இதே தவசிதான்!

"பூசை போட்ட வண்டி. பொட்டு அழியக் கூடாது. ஒரு வாரத்துக்குத் தண்ணியே படக் கூடாது" என்று சொன்னவர், இப்போது பழியை அம்மா மேல் போடுகிறார். என்ன அநியாயம்!

சுஜிதா ஒரு குச்சியை எடுத்து, செயின் ஓடும் பல்சக்கரத்தைக் குத்தினாள். காய்ந்து இறுகிய சேறு பெயர்ந்தது. முதலில் ஒரு கல் விழுந்தது. அடுத்து குங்குமம் ஒட்டிய தேங்காய்ச் சிரட்டை!

"மாமா, இந்தத் தேங்காயை எங்கம்மாவா உடைச்சாங்க?"

சுற்றி நின்ற வேலையாட்கள் சிரித்துவிட்டார்கள்.

"அது... பூசைக்கு நான் ஒடைச்சதுத்தா."

"கல்லும் சேறும் அடைச்சா செயின் கழண்டுரும்னு அம்மா அன்னைக்கே சொன்னாங்கல்ல? நீங்கதான் கழுவ விடல!"

"பொட்டு அழிஞ்சா ஆகாதுத்தா..."

"பொட்டு வண்டியோட நெத்தியிலதானே இருக்கு? காலைக் கழுவுனா நெத்திப் பொட்டு அழியுமா? நீங்க பொட்டு வச்சா ஒரு வாரத்துக்குக் காலே கழுவ மாட்டீகளா?"

தவசிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ரேணுகா, நான் பேசுனது தப்புத்தான். நீயே ஓட்டும்மா."

அம்மா நிமிர்ந்து ஸ்பேனரை எடுத்தார். சுஜிதாவுக்குக் கோபம் முழுசாகத் தீரவில்லை. காலி வாளியைத் தவசியிடம் நீட்டினாள்.

"செயினைக் கழுவித்தான் மாட்டணும். ஓடையில தண்ணி கெடக்கு மாமா, வெரசா கொண்டாங்க!"

தவசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைக்கு இறங்கினார்.